எட்டு நாற்பதுக்கு வந்த இரண்டு பஸ்

நான் சொல்லப் போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் கழுத்தில் தொங்குகிற விசில் இன்றோடு ஊமையாகிப் போகட்டும். கருவேலங்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷமாக டைம் கீப்பர் வேலை பார்க்கிற சங்கிலிபூதத்தான் நான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேலப்பொட்டல் மினி பஸ் எட்டு நாற்பதுக்குச் சரியாக வந்து நின்றது, இருபத்தோரு பேரை இறக்கிவிட்டது, நானும் நோட்டில் எழுதிவிட்டு மைக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன், எட்டு நாற்பத்து மூன்றுக்கு அதே பஸ் மறுபடியும் வந்து நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. பிந்தி வருகிற பஸ் என்றாலே எனக்கு ஆகாது, இது வந்த பிறகும் வருகிற பஸ். நேரே டிரைவர் ஜன்னலுக்குப் போய், "யோவ், இப்பத்தானவே வந்தீரு, மூணு நிமிஷத்துல மேலப்பொட்டல் போயி வந்துட்டீரோ?" என்று சத்தம் போட்டேன். "நான் எங்கவே வந்தேன், இப்பத்தான் வாரேன்" என்றார் அவர். டீக்கடை வாசலில் வாயில் உளுந்த வடையோடு நின்ற முதல் டிரைவர், "எவன்லே அது, என் வண்டிய எடுத்துட்டு வாரவன்?" என்று திரும்பினார், திரும்பியவர் தன்னையே பார்த்து வடையை விழுங்க மறந்தார்.

அதே நம்பர் பிளேட், அதே எலுமிச்சம்பழ மிளகாய்க் கயிறு, இடதுபக்கம் அதே நசுங்கல். முதல் பஸ்ஸில் யார் யார் எந்தச் சீட்டில் வந்தார்களோ அவரவர் அதே சீட்டிலிருந்து எழுந்து, அதே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாம் சீட்டு டிராயிங் மாஸ்டர் ஞானதுரை தன் கத்தி மீசையோடு இறங்கி, எதிரே நின்ற கத்தி மீசை ஞானதுரைக்கு வணக்கம் சொன்னார். முட்டைக்காரி பார்வதிமுத்து கூடையோடு இறங்கினாள், கூடையில் அறுபது முட்டை, மேல்வரிசையில் ஒன்று கீறல் விட்டிருந்தது, மற்றவள் கூடையிலும் அதே இடத்தில் அதே கீறல். ஊர் ஒன்றும் மூர்ச்சை போட்டு விழவில்லை. டீக்கடைக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு, "டிரைவர் கண்டக்டரோட சேத்து நாப்பத்தாறு டீயா, சீனி பத்தாதே" என்றான், அவ்வளவுதான்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓரவஞ்சனை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊருக்கு உடம்பெல்லாம் எரியும். பந்தியில் ஒருவன் இலைக்கு அப்பளம் முழுசாகவும் பக்கத்து இலைக்கு உடைந்தும் விழுந்துவிட்டால், முழு அப்பளத்தையும் உடைத்துவிட்டுத்தான் பரிமாறுகிறவன் அடுத்த இலைக்குப் போவான். ஆகவே அன்று மதியத்துக்குள் இருபத்திமூன்று வீடுகளில் இன்னொரு பாய் விரிந்தது, இன்னொரு தட்டு கழுவி வைக்கப்பட்டது, எந்த வீட்டிலும் முதல் ஆளுக்கு ஒரு கரண்டி கூடுதல், இரண்டாம் ஆளுக்கு ஒரு கரண்டி குறைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் வீட்டுக்கும் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்பதாம் சீட்டில் வந்தவள் என் பெண்டாட்டி செண்பகக்கனி. முதல் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மூன்று நிமிஷம் கழித்து இன்னொரு கனி இறங்கினாள், அவளும் பார்த்தாள், அவளும் அதே பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு பெண்டாட்டி பேசாமல் இருந்தாலே வீடு வீடாக இருக்காது, எனக்கு இரண்டு பேர் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்தச் செவ்வாய்க்குப் பதினேழு நாளைக்கு முன்னால் மேலப்பொட்டலில் அவள் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்தது. சாயங்காலம் ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடி வருகிறாள், தண்ணீர்த் தொட்டி முக்கிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள், நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே விசில் ஊதினேன். டைம் கீப்பர் பெண்டாட்டி என்றால் பஸ் நிற்கும் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது, எல்லாருக்கும் ஒரே நேரம்தான், அது என் கொள்கை. விசில் ஊதியது போதாதென்று மைக்கிலும் சொன்னேன்: "யாருக்காகவும் பஸ் நிக்காது." அடுத்த பஸ் ஆறு நாற்பதுக்கு. ஆறு மணிக்கு அவள் அப்பா கண்ணை மூடிவிட்டார். அவர் கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடித்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் திரும்பி வந்தாள். தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் மைக் வைத்துப் பேசுகிற வாய், வீட்டுக்குள் போனால் ஒட்டிக்கொள்கிறது.

புதன்கிழமை பெர்மிட் ஆய்வாளர் வந்தார். நல்ல மனுஷர், பெயர் ஆரோக்கியம், மடக்குக் குடையும் ஒரு பெரிய பட்டியலும் வைத்திருப்பார். இரண்டு பஸ்ஸையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு பெர்மிட்டுக்கு ஒரு பஸ்தான் பூதத்தான். ரெண்டும் வேற வேறன்னா ரெண்டாவதுக்குப் புது பெர்மிட் எழுதித் தாரேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னா, பிந்தி வந்தது வந்த ஆளுங்களோட வந்த வழியே போயிரணும். வெள்ளிக்கிழமை சீட்டு சீட்டாப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்த வழி என்றால் ஓடைப்பாலம். பாலத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்க்க, இரண்டாம் பார்வதிமுத்துவின் கூடையிலிருந்து ஒரு முட்டையை வாங்கிக்கொண்டு எங்கள் போஸ்ட்மேன் சைக்கிளில் போனார். நடுப்பாலத்தில் கையைப் பார்த்தால் முட்டை இல்லை. கையில் கொஞ்சம் வெதுவெதுப்பு மட்டும் இருந்ததாம். திரும்பி வந்து அதைச் சொன்னபோது இரண்டாம் பஸ்ஸில் வந்தவர்கள் இருபத்திமூன்று பேரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி கனி.

ஜவுளிக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருக்கிறது. அங்கே குழல்வாய்மொழி என்ற பெண்ணுக்கு நாள் முழுக்க வேலையே, ஒரு பட்டியலும் இன்னொரு பட்டியலும் ஒன்றா இல்லையா என்று சரிபார்ப்பதுதான். டீக்கடைக்கு இறங்கி வந்தவளை மடக்கி, "ஏ தாயி, நீயே சொல்லு, ரெண்டு பஸ்ஸும் ஒண்ணா, வேறயா?" என்று கேட்டேன்.

"அது நீங்க எந்த மொழியில கேக்குதீங்கங்கறதப் பொறுத்தது அண்ணாச்சி."

"தமிழ்லதான் கேக்கேன்."

"கம்ப்யூட்டர் மொழியச் சொல்லுதேன். இப்ப பைத்தான்னு ஒண்ணு இருக்கு. அதுகிட்ட ரெண்டு வரிசையக் காட்டி ஒண்ணான்னு கேட்டா, உள்ள புகுந்து மொத ஆளுக்கு மொத ஆளு, ரெண்டாம் ஆளுக்கு ரெண்டாம் ஆளுன்னு பாத்துட்டு, எல்லாம் பொருந்துனா ஒண்ணுன்னு சொல்லிரும். ஜாவாஸ்கிரிப்ட்ல கேட்டா உள்ளயே பாக்காது. இது ஒரு வரிசை, அது ஒரு வரிசை, ரெண்டும் வேற, போயிட்டு வான்னுரும். ஜாவாவும் சும்மாக் கேட்டா அப்பிடித்தான். உள்ள பாருன்னு தனியாச் சொல்லணும். உள்ளுக்குள்ள கூடை இருந்து, கூடைக்குள்ளயும் பாக்கணும்னா அதுக்கு இன்னொரு தடவ தனியாச் சொல்லணும்."

அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிழக்குத் தெரு பைத்தான் கட்சி, மேலத் தெரு ஜாவா கட்சி. ஆயுளில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்காத எங்கள் சலூன்காரர், "உள்ள பாக்காம ஒண்ணுன்னு சொல்றது என்ன மொழிவே, அது ஒரு மொழியா?" என்று ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து வாதாடினார். "உள்ள பாக்காம வேறன்னுதான்வே சொல்லுது" என்று திருத்தினார் பாதிச் சவரம். எல்லாரும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கே ஓட்டுப் போடுவோம், ஆளுகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று ஆய்வாளருக்கு ஆள் அனுப்பினோம். "அரசாங்கம் உள்ள பாக்கும். கூடைக்குள்ளயும் பாக்கும்" என்று பதில் வந்தது. சரி, சீட்டை மாற்றி உட்கார்ந்துகொள்கிறோம், வரிசை மாறினால் வேறுதானே என்று மறுபடி கேட்டு அனுப்பினோம். "ஆளைத்தான் பாப்பேன், யாரு எங்க உக்காந்திருக்காங்கறதப் பாக்க மாட்டேன்" என்று அதற்கும் பதில் வந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. எண்ணே இல்லாத எண்ணுன்னு ஒண்ணு. அது தனக்குத்தானே ஒப்பாகாது. அது உள்ள இருந்தா, சில மொழியில அந்த வரிசை எதுக்குமே ஒப்பாகாது" என்றாள் குழல்வாய்மொழி.

"அட, அது நம்ம தரகர் தவசிமணிலா!" என்று டீக்கடையே கூவியது. காலையில் சொன்ன விலையை மதியம் சொல்லாதவர், மதியம் சொன்ன சொல்லைச் சாயங்காலம் தெரியாதென்று சாதிக்கிறவர், அவரை அவரோடே வைத்துப் பார்த்தாலும் பொருந்தாது. அவர் ஒருத்தர் போதும், இருபத்திமூன்று பேரும் பிழைத்தார்கள். ஆனால் பாவி மனுஷர் அந்தச் செவ்வாய்க்கிழமை சீட்டுப் போட்டு வை, வாரேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போல வராமல் இருந்துவிட்டார்.

சரி, நாமே வித்தியாசம் உண்டாக்கிக்கொள்வோம் என்று கிளம்பினார்கள். அங்கேதான் சிரிப்பாய்ச் சிரித்தது. முதல் ஞானதுரை, எத்தனை வருஷமாக வளர்த்த மீசையென்றும் பாராமல், இன்னொருத்தன் பிழைக்கட்டும் என்று சலூனுக்குப் போய் வழித்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் திண்டில் உட்கார்ந்திருந்த இரண்டாம் ஞானதுரைக்கும் மீசை இல்லை, அவரும் அதே யோசனையில் வீட்டிலேயே வழித்துவிட்டார். இரண்டு பேருமாகக் கண்ணாடி பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் அழுதார்கள். ஒரு டிரைவர் தன் பஸ்ஸில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். மற்றதில் கோடு தானாக வரவில்லை, அதனால் இது ஒரே பஸ் கண்ணுக்கு இரண்டாகத் தெரிகிற கதை இல்லை, இரண்டும் தனித்தனி என்று மட்டும் உறுதியாயிற்று, அதற்குள் மற்ற டிரைவர் அதே இடத்தில் அதே கோட்டைப் போட்டு முடித்திருந்தார். பாலத்தில் போன முட்டையால் இரண்டாம் கூடையில் ஐம்பத்தொன்பது. முதல் பார்வதிமுத்து விட்டாளா? "அவளுக்கு ஒண்ணு கொறைஞ்சு எனக்கு மட்டும் என்ன" என்று தன்னுடையதில் ஒன்றை அவித்து, ஆளுக்குப் பாதியாக இருவரும் உப்புப் போட்டுத் தின்றுவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் குழல்வாய்மொழி தன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே மாதிரி மனசு ரெண்டு, ஒரே மாதிரி வீட்டுல இருந்தா, ஒரே மாதிரிதான் யோசிக்கும். அவங்களால மாற முடியாது. வெளிய இருந்து நாமதான் மாத்தணும். இந்த ஊருல யாராவது ஒருத்தர், ஒருத்தருக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணணும்."

கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆனாலும் உயிர்ப் பிரச்சினை, செய்து பார்த்தார்கள். ஒரு வீட்டில் ஒரு கண்டக்டருக்கு மட்டும் அல்வா கொடுத்தார்கள், அவர் பாதியைப் பிய்த்து மற்றவருக்கு நீட்டிவிட்டார். ஒரு ஞானதுரைக்குப் புதுச்சட்டை எடுத்தார்கள், அவர் அதைப் போடவே மாட்டேன் என்று மடித்து வைத்துவிட்டார். "பங்கு வைக்க முடியாத எதையாவது குடுக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் மாடி ஏறிப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் அப்படி ஒன்று பத்தொன்பது நாளாக நெஞ்சில் கிடந்தது.

வீட்டுக்குப் போனேன். ஒரு கனி குழாயடிக்குப் போயிருந்தாள். மற்றவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எந்த பஸ்ஸில் வந்தவள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் கணக்குப் பார்த்துச் செய்த மாதிரி ஆகிவிடும். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "கனி, நீ ஓடி வந்ததப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஊதுனேன். ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தா மாமா உன் முகத்தப் பாத்துட்டுப் போயிருப்பாரு. ஊரு என்ன சொல்லும்னு பயந்தேன். நான் செஞ்சது பாவம். என்னைய மன்னிச்சிரு" என்றேன். சொல்லி முடிக்குமுன் எனக்கே அழுகை வந்துவிட்டது, அவளும் சுளகைக் கீழே போட்டுவிட்டு அப்பா அப்பா என்று அழுதாள், அரிசியெல்லாம் தரையில் கொட்டிப் போயிற்று.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்டயும் கேட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. கேக்க மாட்டேன்."

ஒருத்தியிடம் மட்டும் கேட்டால்தான் இரண்டு கனியும் பொருந்தாமல் போவார்கள், இருபத்திமூன்று பேரும் பிழைப்பார்கள் என்று சொன்னேன். "கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல எனக்குன்னு மொதத் தடவையா ஒரு ஓரவஞ்சனை பண்ணியிருக்கீங்க. அதுவும் இன்னொரு என்னையவே தள்ளி வச்சுட்டு" என்றாள். திட்டுகிறாளா மெச்சுகிறாளா எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு நாற்பதுக்கு இரண்டு பஸ்ஸையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, அவரவர் சீட்டில் அவரவர் உட்கார்ந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. ஆய்வாளர் இந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார், இறங்கி அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்ப்பார், படியில் நின்று சொல்வார். முதல் சீட்டு, பொருந்துது. இரண்டாம் சீட்டு, பொருந்துது. மீசையில்லாத மூன்றாம் சீட்டு, பொருந்துது. கூடையைத் திறந்தார், முட்டையை எண்ணினார், கீறலைத் தடவிப் பார்த்தார், பொருந்துது. ஒவ்வொரு பொருந்துதுக்கும் இரண்டாம் பஸ்ஸில் ஒருவர் தலை குனிந்தது. ஒன்பதாம் சீட்டுக்கு வந்தார். அதே நீலச் சேலை, அதே கழுத்துக் கயிறு, காதோரம் அதே நரை. அவர் வாயைத் திறந்தார்.

நான் மைக்கை எடுத்துவிட்டேன். "ஐயா, பொருந்தாது" என்றேன். பிறகு நடந்ததையெல்லாம் மைக்கிலேயே சொன்னேன். விசிலைச் சொன்னேன், செருப்பைக் கையில் பிடித்து ஓடி வந்ததைச் சொன்னேன், ஒருத்தியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன். பத்தொன்பது வருஷமாக ஒரு நிமிஷம் பிசகாத டைம் கீப்பர் என்று என்னை நினைத்திருந்த ஊர் பூராவும் கேட்டுக்கொண்டு நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை.

"மனசுக்குள்ள இருக்கறத நான் எப்பிடிய்யா பாக்க?" என்றார் ஆய்வாளர்.

"நீங்கதானய்யா கூடைக்குள்ளயும் பாப்பேன்னீங்க!" என்று கூட்டத்திலிருந்து குழல்வாய்மொழி குரல் கொடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் குடுத்துப் பாரும்வே, தெரிஞ்சிரும்" என்று டீக்கடைக்காரன் இரண்டு கிளாஸ் டீயை என் கையில் திணித்தான், ஒரே அளவு, ஒரே நுரை. முதல் பஸ்ஸில் ஏறிக் கனியிடம் நீட்டினேன். வாங்கினாள், ஒரு வாய் குடித்தாள், "சீனி கம்மி" என்றாள். இறங்கி இரண்டாம் பஸ்ஸில் ஏறினேன். மற்ற கிளாஸை நீட்டினேன். கனி கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கி ஜன்னல் வழியாக அப்படியே வெளியே ஊற்றினாள். ஒரு சொட்டு பாக்கி வைக்கவில்லை.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "ஒன்பதாம் சீட்டு பொருந்தலை. ஒண்ணு பொருந்தலைன்னா மொத்த வரிசையும் பொருந்தலை. வேற பஸ்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஆனா பூதத்தான், வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்கணும். வருஷா வருஷம் வந்து பாப்பேன். என்னைக்குப் பொருந்துதோ அன்னைக்கு ரெண்டாவது கிளம்பிரணும்."

அவர் சொன்ன கடைசிப் பாதியைக் கூட்டத்தில் யாரும் காதில் வாங்கவில்லை, அப்போது நானும் வாங்கவில்லை. ஞானதுரைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பார்வதிமுத்துகள் கீறல் விட்ட முட்டை இரண்டையும் சாமிக்கு உடைத்தார்கள், பைத்தான் கட்சியும் ஜாவா கட்சியும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று தனித்தனியாக வெடி வெடித்தார்கள். நான் மட்டும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. இனி என்ன, காரியம் முடிந்தது, இவளிடமும் கேட்டுவிடலாம் என்று ஒன்பதாம் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இருபது நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. "கனி" என்றேன்.

அவள் அன்றைக்குத்தான் என்னிடம் வாய் திறந்தாள்.

"கேட்டுராதீங்க" என்றாள். "நீங்க கேட்டா எனக்கு மனசு எளகிரும், என்னைய எனக்குத் தெரியாதா. எளகுனா அடுத்த வருஷம் இத்தன பேரும் அந்தப் பாலத்துல போணும். நான் இப்பிடியே இருந்துக்கிடுதேன். எங்கப்பாவ நான் பாக்காமப் போனதுக்கு, இவங்களாவது இருந்துட்டுப் போகட்டும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். தொண்டைக்கு வந்ததை நான் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.